பக்கம் 118: அருஞ்சொற்பொருள்

யாரும் புரட்டாத பக்கத்தை எழுதுவது
மூன்று ஆண்டுகளாக என் வேலை.
புவெர்த்தோ மோன்ட், நான்காம் மாடி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மழை,
இந்தப் பக்கம் கணினித் திரையில் நீலம் தீட்டிய கடல்,
அதில் துள்ளும் ஒரு சால்மன்.
படம் விலைக்கு வாங்கியது. மீன் எங்களுடையதல்ல.

முதலில் அடிப்படை ஆண்டு.
எங்கிருந்து முன்னேற்றத்தை அளக்கிறோமோ, அது.
கடல் சிவந்து, கூண்டு கூண்டாய் மீன் மிதந்த ஆண்டை
இயக்குநர் தேர்ந்தெடுத்தார்.
அதற்குப் பிறகு எது நடந்தாலும்
அம்புக்குறி மேலேதான் ஏறும்.

பொருண்மை.
நாற்பது பேருக்கு வினாத்தாள் அனுப்பினோம்,
பதினொருவர் நிரப்பித் தந்தார்கள்.
அவர்கள் வைத்த புள்ளிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே இருப்பதைப் பொருட்படுத்துவோம்.
கீழே இருப்பது பொருளே இல்லை.

அக்கறையாளர்:
நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படும் எவரும்.
சட்டப் பிரிவின் கிரிசெல்தா 'எவரும்' என்பதை அடித்து
'அடையாளம் காணப்பட்டோர்' என்று மாற்றினாள்.
நீர் வற்றும் வேளையில் சேற்றில் குனிந்து
சிப்பி பொறுக்கும் பெண்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.
ஆகவே அவர்கள் பாதிக்கப்படவில்லை.

ஈடுசெய்தல்.
இங்கே எரித்த டீசலுக்கு
எங்கோ ஒரு மலைச்சரிவில் மரம்.
மரத்தைப் பார்த்ததில்லை. ரசீதைப் பார்த்திருக்கிறேன்.
ரசீது பசுமையாகத்தான் இருந்தது.

அப்புறம் எல்லை.
இந்தச் சொல்லில்தான் செவ்வாய்க்கிழமை முழுக்க நின்றுவிட்டேன்.
"நிறுவனத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளவை
எல்லைக்கு உட்பட்டவை."
வரைவில் ஒரு குறையும் இல்லை.

ரோசமெல் நவெல்கின், என் அக்காள் கணவன்.
கெயோன் துறையில், ஒப்பந்தக்காரரின் படகில்
முக்குளிப்பவன்.
காற்றுக்குழாயைப் பல்லில் கவ்வி
முப்பது மீட்டர் இறங்குவான்.
வலையடியில் குவிந்த செத்த மீன்களை அள்ளி
மேலே வந்து எண்ணிச் சொல்வான்.
மார்ச்சில் ஒருநாள் நான்காம் முறையாக இறங்கினான்.
புயல் வருகிறதென்று
ஏறும்போது அவசரப்படுத்தினார்கள்.
போன ஞாயிறு படகேறி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
இடது கால் இன்னும் மேலே வரவில்லை என்கிறான்.
கிள்ளிக் காட்டிச் சிரிக்கிறான்.
அக்கா அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தாள்,
அடுப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அன்று அவன் எண்ணிய மீன்கள் 1,312.
பக்கம் 41, அட்டவணையில் இருக்கின்றன,
எடையோடு, காரணத்தோடு, அடிக்குறிப்போடு.
பக்கம் 63: வேலைநாள் இழந்த விபத்துகள், பூஜ்யம்.
மீன்கள் எல்லைக்குள் செத்தன.
அவன் எல்லைக்கு வெளியே பிழைத்தான்.

சரிபார்ப்பாளர் இலபாக்கா சான்டியாகோவிலிருந்து வந்தார்.
நல்ல மனிதர். காபி எடுக்கப் போனால்
எனக்கும் ஒன்று எடுத்து வருவார்.
மீன்தீனிக் கணக்கில் இடம் மாறிய ஒரு புள்ளியை
இரண்டு மணி நேரம் தேடிப் பிடித்தார்.
அன்று மாலை 6.12க்கு
ரோசமெலின் மருத்துவமனைச் சீட்டைப் படமெடுத்து
அவர் கைபேசிக்கு அனுப்பினேன்.
இரண்டு குறிகளும் நீலமாயின.
'எழுதுகிறார்' என்று வந்தது.
நின்றது. மறுபடி வந்தது.
பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மறுநாள் உறுதியுரை, கையொப்பத்தோடு:
"வரையறுக்கப்பட்ட எங்கள் ஆய்வில்
இவ்வறிக்கை பிழையானதெனக் கருத
எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை."
இலக்கணம் குற்றம் சொல்ல
அந்த வாக்கியத்தில் ஒன்றுமில்லை.

அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது.
கடைசியாக ஒரு சொல் சேர்த்தேன்.
கவனம்.
எதிரே பொருள் எழுதவில்லை.
நேரத்தை மட்டும் போட்டேன்: மாலை 6.12.

யாரும் கேட்கவில்லை.
அப்படியே அச்சாகிவிட்டது.